மொட்டைமாடி ஒலிபரப்பு: லண்டனின் உரிமமற்ற வானொலிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2005-ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு எதிராக நீதிமன்றம் ஒரு தடை ஆணை பிறப்பித்தது. டவர் ஹாம்லெட்ஸ் நகராட்சி எல்லைக்குள் எந்தக் கட்டடத்திலும், முன் அனுமதி பெறாமல், அவர் நான்காவது மாடிக்கு மேல் ஏறக் கூடாது என்பதே அந்த ஆணை. சமூக விரோத நடத்தையைக் கட்டுப்படுத்த 1998-இல் கொண்டுவரப்பட்ட சட்டம் அதற்குக் கைகொடுத்தது. ஆணைக்குக் காரணம் அடிதடியோ திருட்டோ அல்ல. ஸ்லிம்சீ என்ற மேடைப்பெயரால் அறியப்பட்ட அந்த இசைத்தட்டுக் கலைஞர் (டிஜே), தாம் உடன் நிறுவிய ரின்ஸ் எஃப்எம் என்ற உரிமமற்ற வானொலிக்காக அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் ஆன்டெனா கட்டிவந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010 ஜூன் மாதம், பிரிட்டனின் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதே ரின்ஸ் எஃப்எம் நிலையத்துக்குச் சமூக வானொலி உரிமம் வழங்கியது.

ஒரே நிலையத்தை அரசு முதலில் விரட்டியதும் பிறகு வரவேற்றதும் லண்டனில் அதுவே முதல் முறை அன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் கிஸ் எஃப்எம் என்ற நிலையம் இதே பாதையைக் கடந்திருந்தது. இந்த இரண்டு நிலையங்களையும், அவை முளைத்த நிலத்தையும் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் உரிமமற்ற வானொலியைப் பறிமுதல் நடவடிக்கைகள் இடைவிடாமல் துரத்தின, ஆனால் அவற்றால் அதை நிறுத்த முடியவில்லை. ஒரு நிலையம் தானாகக் கள்ள ஒலிபரப்பைக் கைவிட்டது, அதற்கு ஏற்ற அளவில் ஓர் உரிமம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தபோது மட்டுமே. அதே வேளையில், இந்த நிலையங்கள் விளைவித்த தீங்கு கற்பனை அன்று என்பதையும், அதைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

கப்பலிலிருந்து கரைக்கு

இத்தகைய நிலையங்களுக்கு ஆங்கிலத்தில் கடற்கொள்ளையர் வானொலி என்ற பெயர் வந்ததற்குக் காரணம், அவற்றின் முதல் தலைமுறை உண்மையாகவே கடலில் இருந்ததுதான். 1964 மார்ச்சில் ரேடியோ கரோலைன் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. பிரிட்டனின் கடல் எல்லை அப்போது மூன்று மைல். அதற்கு வெளியே நின்ற கப்பலை நிலத்தின் சட்டம் தொட முடியவில்லை. 1967 ஆகஸ்ட் நடுவில் நடைமுறைக்கு வந்த கடல்சார் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் வேறு வழியில் நெருக்கியது: அத்தகைய கப்பல்களில் பிரிட்டிஷ் குடிமக்கள் வேலை செய்வதும், அவற்றுக்குப் பொருள் வழங்குவதும், விளம்பரம் கொடுப்பதும் குற்றமாயின. ரேடியோ லண்டன் முதலிய நிலையங்கள் உடனே மூடப்பட்டன. கரோலைன் மட்டும் பிடிவாதமாக நின்றது.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். சட்டம் வந்த ஒன்றரை மாதத்தில், 1967 செப்டம்பர் 30 அன்று, பிபிசி தன் ரேடியோ 1 சேவையைத் தொடங்கியது. கப்பல்களில் பாப் இசை வழங்கிய டோனி பிளாக்பர்ன் போன்ற குரல்களையே அது பணியமர்த்தியது. கேட்பவர்களுக்கு வேண்டியிருந்ததை ஒருபுறம் தடுத்து மறுபுறம் சட்டப்படி கொடுத்ததால்தான் அந்த முதல் அலை தணிந்தது என்று நான் கருதுகிறேன். பின்னாளில் வந்த அதிகாரிகள் இதன் முதல் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருந்தார்கள்.

ரேடியோ 1 நாடு முழுமைக்கும் பொதுவான பாப் இசையைக் கொடுத்தது. லண்டனின் தனித்தனிப் பகுதிகளும் தனித்தனிச் சமூகங்களும் கேட்க விரும்பியதை அது கொடுக்கவில்லை, கொடுக்கும் நோக்கமும் அதற்கு இல்லை. 1973 அக்டோபரில் எல்பிசி, கேப்பிட்டல் ரேடியோ என இரண்டு தனியார் நிலையங்கள் வந்தன. ஒன்று செய்திக்கும் பேச்சுக்கும், மற்றொன்று இசைக்கும் பொழுதுபோக்குக்கும். ஏறத்தாழ 70 லட்சம் மக்கள் வாழ்ந்த நகருக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உரிமம் பெற்ற தனியார் வானொலி இவ்வளவுதான். அதற்கு மேல், இசைத்தட்டு உரிமையாளர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒரு தனியார் நிலையம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யப்பட்ட இசையை ஒலிபரப்ப முடியாது. இந்தக் கட்டுப்பாடு 1980-களின் இறுதிவரை நீடித்தது. சோல், ரெகே, ஃபங்க் போன்ற இசைவகைகளுக்கு அதில் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

இந்த வெற்றிடத்தில்தான் தரைநிலையங்கள் முளைத்தன. சோல் இசைக்கென்றே 1970-இல் ரேடியோ இன்விக்டா வந்தது. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு லண்டனிலிருந்து ட்ரெட் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக டிபிசி, ரெகே இசையுடன் எழுந்தது. கறுப்பினத்தவரே நடத்திய முதல் இசை வானொலி என்று பிரிட்டனில் அது நினைவுகூரப்படுகிறது. அங்கே குரல் கொடுத்த ரேங்கிங் மிஸ் பி பின்னர் ரேடியோ 1-இல் ரெகே நிகழ்ச்சி நடத்தினார். கரீபியத் தீவுகளிலிருந்து வந்து ஒரு தலைமுறைக்காலம் வாழ்ந்துவிட்ட மக்களுக்கு, தங்கள் வீட்டில் பேசப்படும் பேச்சு அதே ஏற்ற இறக்கத்துடன் வானொலிப் பெட்டியிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. அதன் கனத்தை, வெளிநாட்டில் இருந்துகொண்டு தாய்மொழி வானொலியைத் தேடி முள்ளைத் திருப்பிய எவரும் உணர்வார்கள்.

ஒரு கம்பி, ஒரு பெட்டி, ஒரு பூட்டிய கதவு

இந்த நிலையங்கள் எப்படி இயங்கின என்பதை அருகில் சென்று பார்க்காமல், அவற்றை ஒடுக்குவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பது விளங்காது.

பண்பலை ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் நடக்கிறது. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆகவே திறனைவிட உயரமே முக்கியம். போருக்குப் பிந்தைய வீட்டுவசதித் திட்டங்களில் லண்டன் நகராட்சிகள் கட்டிய இருபது மாடிக் குடியிருப்பு ஒன்றின் உச்சி ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அங்கிருந்து வானலையின் தொடுவானம் கணக்குப்படி 32 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நான்காவது மாடியின் உயரத்தை 12 மீட்டர் என்று கொண்டால் அது 14 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். சுற்றிலும் அதைவிட உயரமான கட்டடங்கள் நிற்கும் நகரில் அந்த 14-உம் ஏட்டளவில்தான். தொடக்கத்தில் சொன்ன நீதிமன்ற ஆணை எதைக் குறிவைத்தது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அதில் பாதி, அதாவது ஆள் தோளுயரமுள்ள ஒன்றரை மீட்டர் உலோகக் கம்பி, நல்ல ஆன்டெனாவாகிவிடும். அதைச் சாரம் கட்டும் குழாய் ஒன்றின் நுனியில் பிணைத்து, மின்தூக்கியின் மோட்டார் அறைச் சுவரோடு சேர்த்துக் கட்டுவார்கள். அதிலிருந்து இறங்கும் கேபிள் காற்றோட்டக் குழாய்க்குள் மறையும். குழாயின் உள்ளே, கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்ட உலோகப் பெட்டிதான் டிரான்ஸ்மிட்டர். அதை நடத்துபவர்கள் ரிக் என்பார்கள். அதன் திறன் பல வேளைகளில் சில பத்து வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரத்துக்கு நெருக்கமானது. விலை சில நூறு பவுண்டு. மின்சாரம் மோட்டார் அறையிலிருந்தோ மாடிப்படி விளக்கிலிருந்தோ இழுக்கப்படும். தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் வகைச் சாவி ஒன்று கையில் இருந்தால் மொட்டைமாடிக் கதவு திறந்துகொள்ளும்.

இசை அந்தக் கட்டடத்தில் இல்லை என்பதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு வீட்டின் சமையலறையிலோ காலியாகக் கிடந்த குடியிருப்பிலோ இரண்டு சுழல்மேசைகளும் ஒரு மைக்கும் இருக்கும். அங்கிருந்து ஒலி நுண்ணலை இணைப்பாகவோ, பண்பலைப் பட்டைக்குக் கீழே உள்ள வேறோர் அலைவரிசையிலோ, சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவோ மொட்டைமாடியை வந்தடையும். அதிகாரிகள் திசை காட்டும் கருவிகளுடன் வந்து, கட்டடத்தைக் கண்டுபிடித்து, ரிக்கைக் கழற்றிச் சென்றாலும் அவர்கள் கையில் கிடைப்பது பெட்டியும் கம்பியும்தான். மனிதர்களும் இசைத்தட்டுகளும் வேறெங்கோ பத்திரமாக இருப்பார்கள். அன்று மாலையே இரண்டாவது ரிக் வேறொரு மாடியில் ஏறிவிடும். 1984-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் கருவிகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை விரிவாக்கியபோது, பல நிலையங்கள் வாரம் முழுவதும் ஒலிபரப்புவதை விட்டு வார இறுதிக்கு மட்டும் சுருங்கின. கிஸ் எஃப்எம்மும் அவ்வாறே செய்தது. இழப்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நடத்தும் தொழிலாக அது மாறியதே தவிர, நின்றுவிடவில்லை.

அதிகாரிகளைவிட அதிகமாக ரிக்குகளைப் பறித்தவர்கள் போட்டி நிலையத்தார்தான் என்று பழைய வானொலிக்காரர்கள் பலர் சொல்வதுண்டு. அந்தத் திருட்டுக்கு அஞ்சிச் சிலர் மொட்டைமாடிக் கதவுகளைப் பற்றவைத்து அடைத்தார்கள். கம்பத்தைத் தொடுபவரின் கையைக் கிழிக்கும்படி பிளேடு ஒட்டிவைத்தவர்களும் உண்டு.

தீங்கு யாருக்கு

இந்த நிலையங்களின் மேல் உள்ள அன்பினால் அவற்றின் ஆதரவாளர்கள் கடந்துபோய்விடும் பகுதி இது. பண்பலைப் பட்டை முடியும் 108 மெகாஹெர்ட்ஸுக்கு உடனே மேலே விமானப் போக்குவரத்துக்கான பட்டை தொடங்குகிறது. ஓடுபாதையை நோக்கி விமானத்தை நேர்படுத்தும் சமிக்ஞைகள் முதலிலும், விமானி தரைக்கட்டுப்பாட்டுடன் பேசும் அலைவரிசைகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இருக்கின்றன. மலிவாகச் செய்யப்பட்ட டிரான்ஸ்மிட்டரில் வடிகட்டி சரியாக இல்லாவிட்டால், அது தன் அலைவரிசையில் மட்டும் நிற்காது. ஒரே மாடியில் இரண்டு ரிக்குகள் இருந்தால் அவை ஒன்றோடொன்று கலந்து புதிய அலைவரிசைகளை உண்டாக்கும். 107.0-இல் ஒன்றும் 95.0-இல் ஒன்றும் அருகருகே இயங்கினால், முதலாவதன் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வரும் 119.0 மெகாஹெர்ட்ஸில் ஒரு பேய்க்குரல் எழக்கூடும். அது விமானி கேட்டுக்கொண்டிருக்கும் இடம். விமானிகளும் கட்டுப்பாட்டு அறைகளும் இத்தகைய குறுக்கீடு பற்றிப் புகார் செய்திருக்கிறார்கள். அவற்றை அரசின் மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் எனக்கு இதைவிடவும் உறுத்துவது வேறொன்று. மொட்டைமாடியில் துளையிட்டால் மழைநீர் இறங்குவது மேல்தளத்து வீட்டுக்குள். மோட்டார் அறையில் கம்பியைக் கோத்து அது கோளாறானால் மின்தூக்கி நின்றுபோகும். இருபதாவது மாடியில் வசிக்கும் முதியவர் படியேற வேண்டியவராகிறார். பற்றவைத்து அடைக்கப்பட்ட கதவு, தீ பிடித்தால் திறக்காத கதவு. அந்தக் கட்டடங்கள் நகராட்சியின் குறைந்த வாடகைக் குடியிருப்புகள். யாருடைய குரலாக இருப்பதாக நிலையங்கள் பெருமை கொண்டனவோ, சேதத்தின் பெரும் பங்கு அவர்கள் தலையிலேயே விழுந்தது.

கிஸ்: ஒரு கெடு, இரண்டு விண்ணப்பங்கள்

கிஸ் எஃப்எம் 1985 அக்டோபரில் 94 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் கோர்டன் மக்னமி. சோல், ஹிப் ஹாப், ஹவுஸ் என நகரின் நடன அரங்குகளில் அப்போது ஒலித்த இசையை, அந்த அரங்குகளிலேயே இசைத்தட்டு சுழற்றியவர்களைக் கொண்டு வழங்கியது. நார்மன் ஜே, ட்ரெவர் நெல்சன், ஜாஸி பி ஆகியோர் அங்கே இருந்தார்கள். 1987-இல் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழ் தன் வாசகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் கிஸ் கேப்பிட்டலுக்கு அடுத்த இடத்தையும், ரேடியோ 1-க்கு மேலான இடத்தையும் பெற்றது. உரிமமே இல்லாத ஒரு நிலையம், அதுவும் வார இறுதியில் மட்டும் கேட்கும் நிலையம், இந்த இடத்தை எட்டியது என்பதை அதிகாரிகள் தங்களுக்கான ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருமுறை அரசு அதைக் காதில் வாங்கவும் தொடங்கியது. 1985-இல் உள்துறை அமைச்சகம் சமூக வானொலிக்கான பரிசோதனைத் திட்டம் ஒன்றை அறிவித்து விண்ணப்பங்களை வரவேற்றது. உரிமமற்ற நிலையங்கள் சில, அந்த நம்பிக்கையில், ஒலிபரப்பை நிறுத்திவிட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தன. 1986-இல் அரசு திட்டத்தையே கைவிட்டது. நிறுத்தியவர்கள் ஏமாந்தார்கள், நிறுத்தாதவர்கள் தொடர்ந்து ஒலிபரப்பினார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனைத் தண்டிக்கும் இதைப் போன்ற முடிவு ஒன்று, பத்து பறிமுதல்களால் கிடைக்கும் பலனை அழித்துவிடும்.

1988 இறுதியில் கதவு மீண்டும் சற்றுத் திறந்தது. அப்போதைய தனியார் ஒலிபரப்பு ஆணையம் கூடுதல் உரிமங்களை அறிவித்தது. அவற்றுக்கு விண்ணப்பிக்க விரும்பும் கள்ள நிலையங்கள் ஆண்டு முடிவதற்குள் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. கிஸ் 1988 டிசம்பர் 31 அன்று தானே நிறுத்திக்கொண்டது. அதனுடன் போட்டியிட்ட எல்டபிள்யூஆர் முதலியனவும் மூடின. நான்கு ஆண்டுகளாகப் பறிமுதல் வண்டிகளால் முடியாத வேலையை ஒரு நாட்காட்டித் தேதி செய்தது.

1989-இல் லண்டனின் அந்த முதல் உரிமம் ஜாஸ் நிலையம் ஒன்றுக்குப் போனது. கிஸ் தோற்றது. ஒலிபரப்பும் இல்லை, உரிமமும் இல்லை என்ற அந்த மாதங்களில் அதன் ஆட்கள் திரும்பவும் மாடியேறியிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் காத்திருந்தார்கள். அடுத்த சுற்றில் 1989 டிசம்பரில் உரிமம் கிடைத்தது. 1990 செப்டம்பர் 1 அன்று 100.0 மெகாஹெர்ட்ஸில் கிஸ் சட்டப்படி ஒலிக்கத் தொடங்கியது. இதே காலத்தில் வடக்கு லண்டனின் கிரேக்க மொழி வானொலியும் கள்ள ஒலிபரப்பிலிருந்து உரிமத்துக்கு மாறியது.

ஆனால் கிஸ் பெற்றது முழு லண்டனுக்குமான வணிக உரிமம். அதற்கு முதலீடு வேண்டியிருந்தது, முதலீட்டாளர்களுக்கு இலாபம் வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அது எமாப் என்ற பத்திரிகைக் குழுமத்தின் சொத்தானது. பொதுவான நடன இசைக்கு அது நகர நகர, அதன் பழைய இடம் காலியானது. 1991 இறுதியில் கிழக்கு லண்டனின் ஹாக்னியில் கூல் எஃப்எம் உருவாகி, ஜங்கிள் என்ற வேகமான நடன இசைக்கு வீடானது. 1990-இன் ஒலிபரப்புச் சட்டம், உரிமமற்ற ஒலிபரப்புக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஐந்து ஆண்டுகளுக்கு எந்த ஒலிபரப்பு உரிமமும் வைத்திருக்க முடியாது என்று விதித்திருந்தது. அச்சுறுத்தி நிறுத்துவது அதன் நோக்கம். ஒருமுறை பிடிபட்டவருக்குச் சட்டப்படி வரும் வழியையே அது அடைத்துவிட்டது என்பது என் மதிப்பீடு.

ரின்ஸ்: பதினாறு ஆண்டுகள்

1994-இல் பதின்ம வயதைத் தாண்டாத சிலர் கிழக்கு லண்டனில் ரின்ஸ் எஃப்எம்மைத் தொடங்கினார்கள். ஜீனியஸ், ஸ்லிம்சீ என்ற இருவர் அதன் மையத்தில் இருந்தார்கள். கிஸ்ஸின் 100.0-க்கு வெறும் 0.3 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, 100.3-இல் பின்னாளில் அது நிலைகொண்டது. ஒரு காலத்தில் துரத்தப்பட்ட நிலையம் இப்போது உரிமத்துடன் இருக்க, அதன் தோளை உரசியபடி அடுத்த தலைமுறையின் துரத்தப்பட்ட நிலையம் நின்றது.

ரின்ஸின் பணவரவை விளம்பரம் மட்டும் தாங்கவில்லை. நிகழ்ச்சி நடத்துபவர்களே வாரந்தோறும் ஒரு சிறு தொகை கட்டினார்கள். அதற்கு சப்ஸ் என்று பெயர். பறிபோன ரிக்குக்குப் பதில் புது ரிக் அதிலிருந்துதான் வரும். கட்டணம் வாங்கிக்கொண்டு நேரம் விற்கும் ஏற்பாடு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு சங்கத்தின் சந்தாவாகவே படுகிறது. தன் இசையை இரண்டு மணி நேரம் ஊருக்குக் கேட்கவைக்க, வேலைக்குப் போகும் ஓர் இளைஞன் தன் கையிலிருந்து கொடுத்தது அது.

ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கக் கிடைக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நிலையத்தின் கைப்பேசி எண்ணை நிகழ்ச்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்வார். பாட்டு பிடித்திருந்தால் கேட்பவர்கள் அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். எவரும் எடுக்க மாட்டார்கள், எவருக்கும் காசு செலவாகாது. சுழல்மேசையின் அருகே கிடக்கும் கைப்பேசி விடாமல் மின்னி அதிர்ந்தால், இசைத்தட்டை நிறுத்திப் பின்னோக்கிச் சுழற்றி, அதே பாட்டை முதலிலிருந்து போடுவார்கள். எத்தனை பேர் இந்த நிமிடம் கேட்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு நேரடியான அளவுகோல் உரிமம் பெற்ற நிலையங்களிடம் அப்போது இல்லை. கிரைம் (grime) என்ற இசைவகை இந்தச் சூழலில் உருவானது. ரின்ஸில் குரல் கொடுத்துப் பழகிய டிஸி ராஸ்கல் 2003-இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பிபிசி கறுப்பின இசைக்காக 1எக்ஸ்ட்ரா என்ற எண்ம (டிஜிட்டல்) சேவையைத் தொடங்கியிருந்தது. நகராட்சிக் குடியிருப்புகளில் எண்ம வானொலிப் பெட்டி அப்போது அரிது. அங்கே இருந்தது பழைய பண்பலைப் பெட்டிதான்.

ஒடுக்குமுறையும் கூடியது. 2006-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமமற்ற ஒலிபரப்புக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் வரம்பில்லா அபராதமும் விதிக்கலாம். இடம் கொடுப்பதும் துணைபுரிவதும் குற்றம். இருந்தும் 2007-இல் ஆஃப்காம் வெளியிட்ட ஆய்வு, நாடெங்கும் ஏறத்தாழ 150 உரிமமற்ற நிலையங்கள் இயங்குவதாகவும் அவற்றில் பாதியளவு லண்டனில் இருப்பதாகவும் மதிப்பிட்டது.

ரின்ஸை மாற்றியது 2004-இல் வந்த சமூக வானொலி ஆணை. ஒரு பகுதிக்கோ ஒரு மக்கள் குழுவுக்கோ சேவை செய்யும், இலாப நோக்கற்ற சிறு நிலையங்களுக்கு அது தனி உரிம வகையை உண்டாக்கியது. ரின்ஸ் ஆண்டுக்கணக்கில் வாதாடி, பயிற்சித் திட்டங்களையும் ஆதரவுக் கடிதங்களையும் சேர்த்து, 2010-இல் உரிமம் வாங்கியது. 2011 பிப்ரவரியில் 106.8 மெகாஹெர்ட்ஸில் சட்டப்படி ஒலித்தது. 1985-இன் பரிசோதனைத் திட்டம் கைவிடப்படாமல் இருந்திருந்தால் இந்த வகை உரிமம் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நடுவில் போன இருபது ஆண்டுகளில் எத்தனை ரிக்குகள், எத்தனை ஒழுகும் கூரைகள்.

கதவு திறக்க இடமே இல்லாத நகரில் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் ஓர் எதிர்க்காட்சி. புரூக்ளினின் ஃபிளாட்புஷ் பகுதியில் ஹைட்டி நாட்டவர்களுக்கும் பிற கரீபியர்களுக்குமான உரிமமற்ற நிலையங்கள் நெடுங்காலமாக ஒலிக்கின்றன. அமெரிக்கா 2000-இல் குறைதிறன் பண்பலை உரிமங்களை உருவாக்கியது. நெருக்கடியான நியூயார்க் பட்டையில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது. 2020 ஜனவரியில் அங்கே வந்த சட்டம் நாளொன்றுக்கு 1 லட்சம் டாலர் வரையும், மொத்தத்தில் 20 லட்சம் டாலர் வரையும் அபராதம் விதிக்க இடம் தந்தது. தெரிந்தே இடம் கொடுக்கும் கட்டட உரிமையாளர்களையும் அது விடுவதில்லை. அதன் பிறகும் அங்கே நிலையங்கள் ஓயவில்லை.

எல்லையின் சிக்கல்

லண்டனில் இன்று உரிமமற்ற நிலையங்கள் முன்னைப்போல் நெருக்கமாக இல்லை. இணைய ஒலிபரப்பு வந்தபின் மாடியேற வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது. நகராட்சிகள் கதவுகளை வலுப்படுத்தின. சமூக உரிமங்களும் பெருகின. ஆயினும் தீராத ஒரு முடிச்சு இருக்கிறது. சமூக வானொலி உரிமம் பெறும் நிலையத்துக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் ஒலிபரப்பு எல்லையின் ஆரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஆனால் ஒரு மொழியையோ ஒரு இசையையோ சார்ந்த சமூகம் பெருநகரில் 5 கிலோமீட்டருக்குள் அடங்கி வாழ்வதில்லை. வடக்கு லண்டனின் டாட்டனமில் பாதியும் தெற்கு லண்டனின் பெக்கமில் பாதியுமாகச் சிதறியிருக்கும் மக்களுக்கு, சட்டத்தை மீறிய கம்பி எட்டியது. சட்டப்படி நட்ட கம்பி எட்டவில்லை.

இதற்கு விடையாக வந்தது சிறு அளவிலான எண்ம வானொலி. 2012-இல் ஆஃப்காமின் பொறியாளர் ஒருவர் திறந்த மூல மென்பொருளையும் சாதாரணக் கணினியையும் கொண்டு பிரைட்டனில் அதைச் சோதித்துக் காட்டினார். 2015-இல் பத்து ஊர்களில் முன்னோட்டம் நடந்து, பின்னர் முறையான உரிமங்களும் வரத் தொடங்கின. ஒரே டிரான்ஸ்மிட்டர் பல நிலையங்களைச் சுமக்கும், ஆகவே செலவும் பகிரப்படும். லண்டனின் பல பகுதிகளில் தனித்தனியாக அமைக்கப்படும் இந்தச் சிறு தொகுப்புகளில் ஒரே நிலையம் இரண்டு மூன்றில் இடம் பிடித்தால், வடக்கிலும் தெற்கிலும் சிதறிய தன் கேட்பவர்களை அது எட்டிவிட முடியும். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனியாக மாதக் கட்டணம் கட்ட வேண்டும். முன்பு சப்ஸ் கொடுத்தவர்கள் இன்று அந்தக் கட்டணத்துக்குப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.